தொட்டிலும் துவைகல்லும்

இடக்கரடக்கல் என்பது இலக்கணம் கற்ற மாணவர் யாவரும் அறிந்ததொன்று. அவையிலே சொல்லத் தகாத ஒன்றைத் தகுந்த வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கலாகும். கால் கழுவி வந்தேன் என்பது அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம். மங்கலம், குழூஉக்குறி என்பவற்றோடு சேர்த்து இதனைத் தகுதிவழக்கு மூன்றனுள் ஒன்றாக நூலார் வைத்தனர். நாகரிகம் முதிர்ந்த மொழிக்கு இஃது ஓர் அழகு. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இப்பாடத்தை நான் கற்பித்து வருகின்றேன். இதனுள்ளே ஒரு குறையும் ஒளிந்திருக்கின்றது என்பது சென்ற மழைக்காலத்திலேதான் எனக்குத் தெரிந்தது.

கஹவத்தைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று நாள் வராதிருந்து நான்காம் நாள் வந்தாள். காரணம் கேட்டேன். "துணி காயல்ல சேர்" என்றாள். சீருடை ஒன்றுதான் வைத்திருக்கின்றாள் போலும் என்று எண்ணி, இன்னொன்றுக்கு வழி செய்வோம் என்று சொன்னேன். அவள் தலையை அசைத்தாள். "என் துணி இல்ல சேர். தம்பி, தங்கச்சி துணி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். எந்தத் துணி என்று அவள் சொல்லவில்லை. சொல்ல நாணினாள். தாய் கொழுந்துக்குப் போகின்றாள், பாட்டி படுக்கையில், வீட்டிலே தொட்டிற் பிள்ளை ஒன்று, தவழும் பிள்ளை ஒன்று. மழை பெய்தால் துணி காய்வதில்லை. துணி காயாவிட்டால் ஒருவர் வீட்டில் இருந்து அலசியும் பிழிந்தும் அடுப்பருகே பிடித்தும் மாற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். அந்த ஒருவர் இவள். அன்று கரும்பலகையில் நான் எழுதியிருந்த பாடமும் இடக்கரடக்கலே. வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

சொல்லத் தகாததை மறைப்பது மொழிக்கு அழகுதான். ஆனால் அச்சொல்லோடு அந்த வேலையையும், அதனைச் செய்பவரையும், அதற்கு வேண்டிய தண்ணீரையும் நேரத்தையும் சேர்த்து மறைத்துவிட்டோம். பேசப்படாத வேலைக்கு எவரும் வசதி செய்து கொடுப்பதில்லை. ஆதலால் இன்று அந்த வேலையைப் பற்றியே பேசுதல் என் கருத்து. இலக்கியப் பக்கத்தில் இஃது எதற்கு என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்க.

பாட்டிலே வாராதது

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொது. அவற்றின்மேல் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற்கு அம்மானை, நீராடல், ஊசல். அந்தக் குழந்தை தலை நிமிர்த்தி ஆடுகின்றது, கை கொட்டுகின்றது, முத்தம் தருகின்றது, நிலாவோடு விளையாட அழைக்கப்படுகின்றது. ஒரு நாளும் நனைப்பதில்லை. தெய்வக் குழந்தையைப் பாட வந்த புலவரை இதற்காகக் குறைகூறுவதற்கில்லை. திருவள்ளுவரும் மக்கட்பேற்றின் இன்பத்தைச் சொல்லும்போது பிள்ளையின் கை பட்ட கூழையும் மழலையையும் சொன்னார். அந்தக் கூழ் பின்னர் என்னவாயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டார். அதனை அறிந்தவள் தாய்.

இத்துணிக்குத் தமிழிலே நல்ல பெயரில்லை என்று எவரும் எண்ண வேண்டா. அணை என்றால் படுக்கை. குழந்தையின் கீழே விரிக்கும் ஆடை அணையாடை. இக்காலத்தார் குழந்தையின் இடையிற் கட்டும் துணிக்கும் அப்பெயரை வழங்குகின்றனர். எங்கள் லயங்களில் தொட்டில் துணி என்பர். கோவணத் துணி என்பர். களைத்துப்போன மாலையிலே பீத்துணி என்றே சொல்லிவிடுவர். நான் அணையாடை என்று எழுதுகின்றேன். என் தமக்கையார் இதனைக் கேட்டாற் சிரிப்பார்.

தமக்கையாரைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுறாது. ரப்பரும் தேயிலையும் கலந்த தோட்டமொன்றிற் பிறந்தவர்கள் நாங்கள். தந்தையாருக்குப் பால்வெட்டு; தாயாருக்குக் கொழுந்து. 1976ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அக்காவுக்கு வயது பத்து, எனக்கு ஆறு, எனக்குப் பின்னே மூவர், மூவரும் நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். வீடென்பது 10 அடிக்கு 12 அடி கொண்ட ஒரு காம்பராவும் முன்னே ஓர் இஸ்தோப்பும். பீலி லயத்துக்குக் கீழே ஓடையோரம் இருந்தது. விடியுமுன் அக்கா துணிக்கூடையோடு இறங்குவாள். நான் சிலேற்றுப் பலகையோடு பள்ளிக்கு ஏறுவேன். நான்காம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள் என்று வீட்டிலே சொல்வார்கள். நின்றாள் என்பது பிழை, நிறுத்தப்பட்டாள். தன்வினைக்கும் பிறவினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் வேறுபாடு காட்டி ஆயிரம் மாணவருக்குக் கற்பித்த நான், என் வீட்டு வாக்கியத்தை ஐம்பது வயதுக்குப் பின்னரே திருத்தினேன். அவள் பீலியடியில் நின்ற நேரத்திலேதான் நான் படித்தேன். அந்தப் படிப்பே பின்னர் என்னைக் கீழைத்தேயக் கல்லூரிக்கு அனுப்பிப் பண்டிதனாக்கிற்று.

அக்காலம் போய்விட்டதென்று நினைத்திருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவியின் விடை அந்நினைப்பைக் கெடுத்தது.

கடையிலே வாங்கும் விடுதலை

"இக்காலத்தில் துணி எதற்கு? கடையிலே பம்பர்ஸ் விற்கின்றதே" என்பார் உண்டு. ஒரு கம்பனியின் சரக்குப் பெயராக 1961இல் அமெரிக்காவில் வெளிவந்த சொல், நம் நாட்டில் அவ்வகைப் பொருள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. கடுதாசிபோலத் தோன்றினும் அது கடுதாசியன்று. மரக்கூழ், பிளாஸ்டிக் உறை, நீரை உறிஞ்சிக் களியாகும் ஒருவகைப் பொடி ஆகிய மூன்றும் சேர்ந்தது. நீரை உறிஞ்சும் அப்பொடி 1980களிலே பரவலாகச் சேர்க்கப்பட்டது. தாய்மாருக்கு அது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. அவ்வுதவியை இகழ்ந்து பேச எனக்கு உரிமையுமில்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்களைத் துவைகல்லிலிருந்து அது விடுவித்தது.

ஆனால் அந்த விடுதலை விலைக்கு வருவது. சென்ற ஆண்டு என் மகள் இரட்டைக் குழந்தைகளையும் இரண்டு வயது மூத்தவனையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஐந்து மாதம் தங்கினாள். மூவருக்கும் சேர்த்து நாளொன்றுக்குப் பதினாறு வேண்டியிருந்தது. மாதத்துக்கு 480. ஒன்றின் விலையைக் கணக்குக்காக 80 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 38,400 ரூபா. தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அச்சம்பளத்தில் மாதத்தில் 25 நாள் மலைக்குப் போனால் 33,750 ரூபாவே கிடைத்தது. ஒரு தாயின் முழு மாதச் சம்பளமும் அன்று மூன்று பிள்ளைகளின் ஈரத்துக்கே போதவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது குழந்தைகளுக்குரிய பொருள்கள் எவ்வாறு விலையேறின என்பதை எந்தப் பெற்றோரும் மறந்திருக்க மாட்டார்.

ஆகவே, எந்தத் தோட்டத் தாயும் அப்படி வாங்குவதில்லை. இரண்டு வாங்குகின்றாள், ஒன்றைக் காலையிற் கட்டி மாலையில் அவிழ்க்கின்றாள். எட்டு மணி, பத்து மணி நேரம் ஈரத்திற் கிடந்த குழந்தையின் தோல் சிவந்து புண்ணாகின்றது. விலையுயர்ந்த பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் வரும் புண் இது. இதற்குத் தாயைக் கடிந்து பயனில்லை.

அவிழ்த்ததை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. நகரத்திலே குப்பை வண்டி வரும். தோட்டத்திலே அது வருவதில்லை. வந்தாலும் லயத்து வாசலுக்கு வருவதில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இலே திருத்தப்படும் வரையில், பிரதேச சபைகள் தங்கள் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடச் சட்டமே இடங்கொடுக்கவில்லை. சட்டம் திருந்திய பின்னும் வண்டி எல்லா இடத்துக்கும் வந்து சேரவில்லை. எனவே அது கானிலே விழுகின்றது. நாய் இழுத்துப் பரப்புகின்றது. மழை அதனை ஓடைக்குக் கொண்டுபோகின்றது. சிலர் எரிக்கின்றனர், அப்புகையைச் சுவாசிப்பதும் அதே குழந்தைதான்.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது துணியே நன்று என்பது என் துணிபு. ஆயினும் துணி என்றவுடனே அது தூய்மையும் சிக்கனமும் ஆகிவிடாது. பிரித்தானியச் சுற்றாடல் முகவரகம் 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாகச் சொல்கின்றது. துணியைப் பெருங்கொதிநீரில் துவைத்து இயந்திரச் சூட்டில் உலர்த்தினால், வீசியெறியும் பொருளைவிடச் சூழலுக்கு அது தீமையே செய்யும். அளவான சூட்டில், ஒருமிக்க நிறையத் துவைத்து, கொடியிலே காற்றில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதனையே கட்டினால் நன்மை மிகும். அந்த ஆய்வாளர் விதித்த நிபந்தனைகளை எங்கள் லயத்துக் கிழவிமார் ஆய்வின்றியே நிறைவேற்றி வந்தனர். மூத்தவனின் துணி இளையவனுக்கும், அவனுடையது பக்கத்துக் காம்பராப் பிள்ளைக்கும் போகும். எங்களுக்குக் குறைவாக இருப்பது அறிவன்று, வெயில்.

தொடங்கும் முறை

எங்கள் வீட்டில் முதல் மாதம் முடிந்ததும் அக்காவை வரவழைத்தோம். அவர் சொல்லிக் கொடுத்ததையும் நாங்கள் பிழைவிட்டுக் கற்றதையும் இங்கே தொகுத்துச் சொல்கின்றேன். ஒன்றுக்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இது பயன்படக்கூடும்.

புதுத்துணி வேண்டுவதில்லை. பழைய பருத்திச் சேலையே மேலானது. உடுத்தி உடுத்தி நெகிழ்ந்த நூலே குழந்தையின் தோலுக்கு இதம். நைலோனும் பொலியெஸ்தரும் நீரை உறிஞ்சா. சேலை ஆறு யார் நீளமும் 45 அங்குல அகலமும் உடையதாயின், இருபத்திரண்டரை அங்குலச் சதுரமாகப் பதினெட்டுத் துண்டு கிடைக்கும். மிஞ்சும் கீற்று இடுப்பிற் கட்டும் நாடாவுக்கு ஆகும். மூன்று சேலையில் 54 துண்டு. பிறந்த குழந்தை நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை நனைக்கும், இரட்டையர் என்றால் இருபதுக்குக் குறையாது, மூத்தவனுக்கு நான்கைந்து. ஆக நாளுக்கு ஏறக்குறைய இருபத்தேழு. மழைநாளிலே துணி காய இரண்டு நாளாகும் என்பதால் 54 என்பது மிகையன்று. புதுப்பருத்தி வாங்குவோர் கட்டுமுன் இரண்டு மூன்று முறை துவைத்துப் பசையைப் போக்குக. பசையுள்ள துணியில் நீர் உருண்டோடும்.

எல்லாப் பிள்ளைக்கும் எல்லா நேரமும் என்று முதல்நாளே தொடங்குவது தவறு. நாங்கள் அவ்வாறு தொடங்கி மூன்றாம் நாள் சோர்ந்துபோனோம். பதினெட்டுத் துண்டோடு, பகலில் மட்டும் தொடங்குக. கை பழகிய பின்னர்ப் பெருக்கலாம். இரவிலும், கிளினிக்குக்குப் பஸ்ஸிற் போகும்போதும் பம்பர்ஸ் கட்டினால் குற்றமில்லை. இது விரதமன்று, ஒரு நாள் தவறினாற் பலன் போய்விடாது.

சதுரத்தை முக்கோணமாக மடித்து, நடுவிலே இன்னொரு துண்டை நீளவாட்டில் மடித்து வைத்து, மூன்று முனையையும் முன்புறம் கொண்டுவந்து நாடாவாற் கட்டுக. பல குழந்தைகள் கூடி உருளும் வீட்டில் ஊசி வேண்டா. முனையிலே நிறநூலால் ஓர் அடையாளம் தைத்து, பிள்ளைக்கு ஒரு நிறம் என்று வகுத்துக்கொள்க. ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டால் அந்த நிறத்தை வேறாக்கி, கொதிநீரில் அவித்துத் துவைப்பதற்கு இது பெரிதும் உதவும்.

வாளி இரண்டு வேண்டும். இரண்டுக்கும் இறுக மூடும் மூடி வேண்டும். மூடி நாற்றத்துக்காக மட்டுமன்று. தவழும் பிள்ளை நீருள்ள வாளியிலே தலைகீழாக விழுந்தால் எழமாட்டாது. இதனை ஒருபோதும் மறத்தலாகாது. நனைந்தது ஒரு வாளியில், அழுக்கானது மற்றதில். கட்டியாக உள்ளதை முதலில் மலசலகூடத்திலே உதறிவிட்டுத் தண்ணீரில் அலசுக. எடுத்த எடுப்பில் சுடுநீர் ஊற்றினாற் கறை பிடித்துக்கொள்ளும். பின்னர்ச் சவர்க்காரமிட்டுத் துவைத்து நுரை முற்றும் போகும்வரை அலசுக. மணங்கூட்டும் திரவங்கள் வேண்டா. அவை துணியின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். அலசிய நீரைப் பீலிக்கு மேற்புறத்திலோ கானிலோ ஊற்றாதீர். அந்த நீரைக் கீழ் லயத்தார் குடிக்கக்கூடும்.

உலர்த்துவதற்கு வெயிலே சிறந்தது. கறையையும் அது வெளுக்கும். அடுப்புக்கு மேலே கொடிகட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதிலே புகை ஏறித் துணி முரடாகும்; தீயிலும் ஆபத்துண்டு. கூரைக்குக் கீழே காற்றோடும் இடத்திற் கொடி கட்டுதல் நன்று. அரை ஈரத்தில் எடுத்துப் பெட்டி போட்டால் மீதி ஈரமும் போய்விடும். ஈரத்துணியை மட்டும் கட்டலாகாது. நாளில் சிறிது நேரம் எதுவும் கட்டாமற் குழந்தையைக் காற்றாட விடுக. புண் கொப்புளித்தாலோ காய்ச்சல் கண்டாலோ கைவைத்தியம் செய்யாது மருத்துவரிடம் காட்டுக.

மூத்த பிள்ளைக்குத் துணியைவிடப் பழக்கமே மருந்து. தாய் காலை நீட்டி அமர்ந்து, இரு பாதங்களின்மேற் பிள்ளையை உட்காரவைத்து, நாவால் ஒலியெழுப்பிப் பழக்குவது நம் பாட்டிமார் வழக்கம். உறங்கி எழுந்தவுடனும் உண்டபின்னும் அவ்வாறு இருத்தினால் நாளடைவில் பிள்ளைக்குப் பழகிவிடும். துணியின் ஈரத்தை உணரும் பிள்ளை விரைவிற் சொல்லப் பழகுவதை எங்கள் வீட்டிலேயே கண்டேன். மூத்தவன் நாலாம் மாதத்திலே பகல் துணியை விட்டுவிட்டான். வீட்டு வேலையில் நாளொன்றுக்கு ஐந்து துணி குறைந்தது.

இவற்றையெல்லாம் யார் துவைத்தார் என்று கேட்பீர்கள். நானும் மருமகனும் முறைவைத்துத் துவைத்தோம். வேலிக்கப்பால் நின்று சிலர் "பண்டிதரையா துணி துவைக்கிறார்" என்று சிரித்தனர். என் சொந்தப் பிள்ளைகளின் துணியை ஒருநாளும் தொடாதவன் நான். அவர்கள் குழந்தையாக இருந்த காலத்தில் என் கையில் எப்பொழுதும் ஒரு நூல் இருந்தது. அந்நாளில் எவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய காலம் அதுவே.

தண்ணீர் தூக்குவது யார்?

ஐந்து மாதம் முடிந்து மகள் தன் வீட்டுக்குப் போன பின்னர், இச்செய்தியைத் தோட்டத் தாய்மாருக்கு எழுதப்போகின்றேன் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டிருந்தார். பின்னர், "நீ எழுதுறது எல்லாம் சரி தம்பி. தண்ணி யாரு தூக்குறது? ஒங்க வீட்டுல கொழாய் உள்ளுக்கே இருக்கு" என்றார்.

அந்த ஒரு கேள்வி என் கட்டுரையைப் பாதியிலே நிறுத்தியது. கணக்கிட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஒருநாள் துணிக்கு ஆறு வாளித் தண்ணீர் சென்றது. வாளிக்குப் பத்து லீற்றர். அறுபது லீற்றர் என்பது அறுபது கிலோ நிறை. பீலி கீழேயும் லயம் மேலேயும் உள்ள இடத்தில், அதனைத் தூக்கி ஏறவேண்டும். அல்லது துணியைத் தூக்கி இறங்கவேண்டும். காலையிலே மலைக்குப் போய் மாலையிலே கொழுந்து நிறுத்துவிட்டு வரும் தாய்க்கு அதன்பின் இருட்டுத்தான் மிஞ்சும். இருட்டிலே துவைத்தது எப்போது காயும்? ஆகவே வேலை மூத்த மகளின் தலையில் விழுகின்றது. துணியே நன்று என்று நாம் மேடையிற் பேசும்போது, அந்தச் சிறுமியின் பள்ளி நாளை எடுத்துச் செலவிடுகின்றோம். இதனை அறியாமற் பேசினால் அறியாமை. அறிந்தும் பேசினால் அது கொடுமை.

சட்டம் ஒன்றை நினைத்திருக்கின்றது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலைநேரத்தில் இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும் என்பது மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின் விதி. பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையலாகாது. இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். நல்ல விதி. ஆனால் பாலை நினைத்த சட்டம் துணியை நினைக்கவில்லை. பிள்ளைக்காம்பராக்கள் பல இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என்று பெயர் பெற்றுள்ளன. சுவரிலே படமுண்டு, விளையாட்டுப் பொருளுண்டு, அன்புள்ள பொறுப்பாளர் உண்டு. மாலையில் தாய் பிள்ளையை எடுக்கும்போது கூடவே கையிற் கிடைப்பது அன்றைய ஈரத்துணி நிறைந்த பை.

இது குறித்துப் பொறுப்பான ஒருவரிடம் பேசினேன். "அது வீட்டு வேலை ஐயா, நாங்கள் என்ன செய்வது?" என்றார். அவர் பெயரையும் இடத்தையும் சொல்வது என் நோக்கமன்று. பலரும் சொல்லும் விடையே அது. அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கின்றேன்.

உலர்த்துதல் என்னும் கலையைத் தோட்டத்தைவிட நன்கு அறிந்தவர் யார்? கொழுந்து நனைந்து வந்தால் அதனை வாட்டுவதற்கென்றே ஸ்டோரிலே நீண்ட தட்டுகள் உண்டு. கீழிருந்து காற்றூட்டும் விசிறிகள் உண்டு. அதன்மேல் அனற்காற்றால் உலர்த்தும் பொறியும் உண்டு. ரப்பர்த் தகடு உலர்வதற்குப் புகைக்கூடம் கட்டி, நாட்கணக்கில் விறகெரித்து, ஈரம் போயிற்றா என்று எடுத்துப் பார்ப்பர். இலை ஈரமாக இருத்தலாகாது. பால்தகடு ஈரமாக இருத்தலாகாது. அவற்றைப் பறித்தவளின், வெட்டியவனின் பிள்ளை மட்டும் ஈரத்திலே கிடக்கலாமா? ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இத்தனை கூரையும் அனலும் அமைக்கத் தெரிந்த இடத்தில், ஒரு கொடிக்கயிறு கட்ட மேற்கூரை இல்லை என்பது இயலாமையன்று, எண்ணாமை.

நான் கேட்பவை பெரியனவல்ல. பிள்ளைக்காம்பரா ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குழாய், ஒரு துவைகல், காற்றோடும் ஒரு கூரை. வாரத்தில் ஒருமுறை துணி அவிக்க ஓர் அடுப்பு. துவைக்கும் வேலைக்குக் கூலி பெறும் ஓர் ஆள். மலைக்குப் போக இயலாத வயதில் உள்ள பெண் ஒருத்திக்கு அது பிழைப்புமாகும். அலசிய நீர் ஓடைக்குப் போகாமல் ஒரு குழி. தோட்ட நிருவாகமும், 2018க்குப் பின் கட்டவிழ்ந்த பிரதேச சபையும், தொழிற்சங்கங்களும் சேர்ந்தால் ஆகாத காரியம் இதில் ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளே செய்யவேண்டியதும் உண்டு. பால்வெட்டி நண்பகலில் வீடு திரும்பும் தகப்பன்மார், அந்தியில் சந்திக்குப் போகுமுன் ஒரு வாளி அலசலாம். கைக்கு நோவு வராது. நான் அலசிப் பார்த்திருக்கின்றேன்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. மழைக்காலத்தில் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். எந்தப் பிள்ளைகள் வரவில்லை, அவர்களுள் மூத்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். காரணம் கேட்கும்போது முதல் விடையோடு நில்லாதீர்கள். "துணி காயவில்லை" என்றால், எந்தத் துணி என்று மெல்லக் கேளுங்கள். அவர்கள் சொல்ல நாணுவார்கள். நாம் நாணாமற் பேசினால் அவர்களுக்கும் நாணம் குறையும்.

இடக்கரடக்கல் பாடத்தை இப்பொழுதும் நான் கற்பிக்கின்றேன். கால் கழுவி வந்தேன் என்னும் உதாரணத்தையே சொல்கின்றேன். அதன்பின் மாணவரிடம் ஒரு கேள்வி கேட்கின்றேன்: அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தவர் யார்? ஆண்பிள்ளைகள் சற்று யோசிக்கின்றனர். பெண்பிள்ளைகள் உடனே விடை சொல்கின்றனர்.

வைகாசி மழை ஆண்டுதோறும் தவறாது வரும். அடுத்த மழைக்கு முன்னே ஒரு குழாயும் ஒரு கூரையும் அமையுமாயின், எட்டாம் வகுப்பிலே ஓர் இருக்கை வெறுமையாக இராது.